அவர் உட்கார வேண்டிய நாற்காலி

தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லைனில் முப்பது வருஷத்துக்கு மேலாக என்னை மேஸ்திரி பொண்டாட்டி என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. குழாயடிக்கு நான் போனால் குடத்தை நகர்த்தி இடம் விடுவார்கள். ரேஷன் கடையில் என் பைக்கு முன்னால் இன்னொரு பை வராது. என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால்தான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றுவிடுவேன்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் மரம் வைக்கிற கேங்குக்கு மேஸ்திரி. பூமிக்கு அடியில் பாறை இறங்காமல் இருக்க மரத்தை நிறுத்தி முட்டுக்கொடுக்கிற வேலை. அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு ஆட்கள். அங்கே என்ன நடக்கும், யார் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து ஆண்கள் சுரங்கத்தை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டு, அந்தக் கேஜில் மேலே வந்து, வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டால் அதோடு சரி. வாய் தவறிக் கேட்டாலும், "அது இன்னாத்துக்கு ஒனக்கு, கொழம்ப ஊத்து" என்பார். நானும் குழம்பை ஊற்றினேன். அத்தனை வருஷமும் அப்படியே போயிற்று.

சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு பெரிதாகி, வயசானவர்களை முன்கூட்டியே போகச் சொன்னபோது அவரும் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சுரங்கத்துச் சங்கு மட்டும் ஊதிக்கொண்டுதான் இருந்தது. காலை ஷிப்டுச் சங்கு ஊதினால் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார். பூட்ஸ் இருக்கும் மூலையைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் படுத்துக்கொள்வார். நான் தூங்குகிற மாதிரியே இருப்பேன். எழுந்து ஏதாவது சொன்னால் அவருக்கு அவமானமாகப் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரிகத்தில், பழைய கிளப் கட்டடத்தில், வீடியோ வகுப்பு வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு தொண்டு சங்கத்துக்காரர்கள் நடத்தினார்கள். வேலை போனவர்களுக்கும் போகப்போகிறவர்களுக்கும் என்று சொன்னார்கள். ஒரு வேலையை எப்படித் திட்டம் போட்டு எடுத்துச் செய்வது, ஆட்களை எப்படி நடத்திப் போவது என்று டிவியில் பாடம். அவர்கள் பாஷையில் பிராஜெக்ட், லீடர். கூட வேலை செய்த ஒருவர் வற்புறுத்தி இவர் பெயரையும் கொடுத்துவிட்டார். முதல் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பாதியிலேயே திரும்பி வந்தார்.

"இன்னாங்க, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"டிவி பொட்டிக்குள்ள ஒருத்தன் கோட்டு போட்டுக்கினு நிக்கிறான். ஆளுங்கள எப்பிடி வேல வாங்கறதுன்னு எனுக்கு சொல்றான். நான் அவன் எதிர்ல கை கட்டிக்கினு ஒக்காரணுமாமே?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்று மாலைக்குள் லைனில் பாதி ஆண்கள் இதையே சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் அந்த வகுப்பு நடத்தும் பெண் வீடு வீடாக வந்தாள். சின்ன வயசு. கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். நாங்கள் டீச்சர் என்று கூப்பிட்டோம். நாற்காலி காலியாக இருந்தால் மேலிருந்து வகுப்பை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. "ஆம்பளைங்க வரலன்னா பரவால்லம்மா. அவங்க சீட்டுல நீங்களாவது வந்து ஒக்காருங்க. ஸ்வல்ப நேரந்தான்."

நான் இவரைப் பார்த்தேன். "போயேன். பொழுது போவும்" என்றார்.

அப்படித்தான் அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இரும்பு மடக்கு நாற்காலி. பக்கத்தில் அடுத்த வீட்டுக்காரி, அதற்குப் பக்கத்தில் அவள் ஓரகத்தி, கடைசி வரிசையில் நாலைந்து இளவட்டப் பையன்கள். டிவி மேல் பூ வேலை செய்த துணி போட்டு, அதன் மேல் வீடியோ பெட்டி. கேசட் உள்ளே போகும்போது கட்டாந்தரையில் பெட்டியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். படம் கொஞ்ச நேரம் அலைபாய்ந்து பிறகு நிற்கும்.

அந்தக் கோட்டு போட்டவர் யாரையோ பார்த்துப் பேசுகிற மாதிரி நம்மையே பார்த்துப் பேசுவார். அவர் வாய் ஒரு பக்கம் போகும், தமிழ் ஒரு பக்கம் வரும். "நீங்கள் ஒரு குழுவின் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, நாம் யோசிக்கட்டும் என்று சும்மா நிற்பார்.

"வெச்சிக்கினேன், மேல சொல்லு நைனா" என்பாள் அடுத்த வீட்டுக்காரி.

"உங்கள் குழுவில் ஒருவர் தினமும் தாமதமாக வருகிறார். என்ன செய்வீர்கள்?" மறுபடியும் நிற்பார்.

"அவ வூட்ல தண்ணி வந்திருக்காது" என்பாள் ஓரகத்தி. டீச்சர் சிரித்துச் சிரித்து மேஜையில் சாய்ந்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்போடு வேறொன்றும் வந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு அந்த வகுப்பு பிடித்துப்போயிற்று. வேலையைத் துண்டு துண்டாகப் பிரி, எது முந்தி எது பிந்தி என்று பார், எந்தத் துண்டு யாருக்கு என்று எல்லார் எதிரிலும் சொல், சொன்ன பிறகு கையை உள்ளே விடாதே என்று அவர் சொல்லச் சொல்ல, இது எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே என்று தோன்றியது. ரெண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்தவள் நான். ஒருநாள் டீச்சர் என்னைப் பலகைக்குக் கூப்பிட்டு, அந்தக் கல்யாணத்தையே பிராஜெக்டாகப் போட்டுக் காட்டச் சொன்னாள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருமே தவிர எல்லார் எதிரிலும் எழுத வராது. கட்டம் கட்டமாகப் போட்டு, ஒரு கட்டத்தில் குடம், ஒன்றில் வாழை இலை, ஒன்றில் தாலி என்று வரைந்து, கோடு இழுத்துச் சேர்த்தேன். பந்தல்காரன் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு கோடு. கடைசி வரிசைப் பையன்கள் வரைக்கும் கை தட்டினார்கள். "பாருங்க, இவங்கதான் லீடர்" என்றாள் டீச்சர்.

அந்த வயசு வரைக்கும் எனக்காக யாரும் கை தட்டியதில்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவர் அடுப்படியில் குனிந்து களி கிண்டிக்கொண்டிருந்தார். நான் வரத் தாமதமாகும் என்று அவராகவே பழகிக்கொண்டது. களியில் கட்டி கட்டியாக மாவு நின்றது. "இன்னிக்கு கொஞ்சம் பரவால்ல" என்று அவரே சொல்லிச் சாப்பிட்டார். நான் பாட்டை நிறுத்திக்கொண்டேன். ஊரே எந்த வீடு எப்போது காலியாகும் என்று பயந்துகொண்டிருக்கிறது, இந்த மனுஷர் சங்குக்கு எழுந்து உட்கார்ந்து படுக்கிறார், எனக்கு மட்டும் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

வகுப்பு பாதிக்கு மேல் போன பிறகு டீச்சர் ஒரு செய்தி சொன்னாள். பாலகாட் பக்கம் இருக்கிற சைனைடு மேட்டில், அதாவது தங்கம் எடுத்த பிறகு கொட்டின அரைத்த மண் மலை மாதிரி நிற்கிறதே அதில், செடி வைக்கப் போகிறார்கள். காற்றுக் காலத்தில் அந்தப் பொடி பறந்து வீட்டுச் சோற்றில் எல்லாம் விழும். அதைத் தடுக்கத்தான். வேலை இல்லாத ஆண்களுக்குக் கூலி உண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு லீடர். வகுப்பை முழுசாக முடித்தவர்தான் லீடர். "மிச்ச கிளாசுக்கு ரெகுலரா வந்தா, விட்டுப்போனத நான் சாயங்காலம் போட்டு காட்டிடுவேன். இனிமே வந்து சேர்றவங்களும் சேரலாம்" என்றும் சொன்னாள்.

இனிமேலும் சேரலாம் என்றால், அவர் சேரலாம்.

வழியெல்லாம் அதை யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னேன், சொல்லாமல் விடவில்லை. ஆனால் எப்படிச் சொன்னேன் என்று இருக்கிறதே. அவரோடு அத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள் நான். எந்தச் சொல்லுக்கு அவர் எழுவார், எந்தச் சொல்லுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பது எனக்கு உப்புப் புளி மாதிரி.

"மேட்ல செடி வெக்கிற வேல வருதாம். கிளாஸ் முடிச்சவங்கதான் லீடராம். நீங்க போறீங்களா? பின்னாடி வரிசைல பொடிப்பசங்ககூடத்தான் ஒக்காரணும். விட்டுப்போன பாடத்தெல்லாம் அந்தப் பொண்ணு சாயங்காலத்துல தனியா சொல்லிக் குடுக்கும்."

அவர் பீடியைக் கீழே வைத்தார். "பொண்ணு சொல்லிக் குடுக்குமா?"

"ஆமா."

"நீயே போ" என்றார். பீடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "ஆளுங்க வேணும்னா சொல்லு, நான் வரேன். கூலிக்கு" என்றார்.

உனக்குத் தெரியாததை அங்கே யாரும் சொல்லவில்லை, உன் வேலை அது, வந்து உட்கார் என்று நான் சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். மறுநாள் எதற்கும் இருக்கட்டும் என்று டீச்சரிடம் கேட்டேன், வகுப்புக்கு வராவிட்டாலும் அவரை லீடராகப் போட முடியுமா என்று. "ரூல்ஸ் இல்லம்மா" என்றாள். அவள் முடியாது என்றதும் என் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வேலை தொடங்கிய காலையில் நான் நல்ல சேலை கட்டிக்கொண்டேன். டீச்சர் கொடுத்த விசில் கழுத்தில். என் குழுவில் பன்னிரண்டு ஆண்கள். பெரும்பாலும் இவருடைய பழைய கேங்கு. அவரும் ஒருவர். கடப்பாரை, மண்வெட்டி, புங்கன் கன்று, செம்மண் கூடை என்று எல்லாம் கீழே வந்து இறங்கியிருந்தது. மேட்டில் ஆள் உயரத்துக்கு மேலே, அகலப் படி மாதிரி, ஒரு தட்டு வெட்டி வைத்திருந்தார்கள். அதில் ஏறிக் குழி எடுத்து, செம்மண் நிரப்பி, கன்று வைக்க வேண்டும். யார் குழி, யார் மண், யார் தண்ணீர் என்று முந்தின நாளே நான் பிரித்திருந்தேன். அவருக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை. மூச்சு வாங்குகிறது, குழி வேண்டாம் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். ஆனால் எல்லார் எதிரிலும் "தண்ணி, மேஸ்திரி" என்று சொன்னபோது ஓர் ஆள் இருமினான்.

வீடியோவில் லீடர் ஒரு பக்கமாக, எல்லாரும் கண்ணில் படுகிற இடத்தில், தள்ளி நிற்பார். நானும் அப்படியே தள்ளிப் போய் நின்று விசில் ஊதினேன்.

ஒருவரும் அசையவில்லை.

காது கேட்கவில்லையோ என்று மறுபடியும் ஊதினேன். இவரைத் தவிர எல்லாரும் கடப்பாரையையும் மண்வெட்டியையும் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள். கோபமாக நிற்கவில்லை, வேடிக்கையாகவும் நிற்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். எல்லார் கண்ணும் இவர் மேல். இவர் கண் என் மேல்.

"இன்னா, ஏறுங்களேன்" என்றேன்.

"ஏறுவோம் லீடரம்மா, இன்னா அவசரம்" என்றார் கேங்கில் மூத்தவர், வெற்றிலையை இடுக்கிக்கொண்டு.

"கேஜுக்கு பெல் அடிக்கலியே இன்னும்" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். எனக்கு முகம் கொதித்தது. பொம்பளை சொல்லிக் கேட்க மாட்டார்களாம் என்று நினைத்தேன். டீச்சர் ரோட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெயில் மேட்டின் மேல் விழுந்து கண் கூசுகிறது. திட்டலாம் என்று வாயெடுத்தேன். அப்போது அவர் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். மற்றவர்களுக்கு முதுகு காட்டி நின்று, சத்தம் வராமல் சொன்னார்.

"நீ மொதல்ல கால வை."

"எங்க?"

"மேட்ல. கீழ நாங்க அப்பிடித்தான். புது எடத்துக்குப் போவசொல்ல மேஸ்திரி காலு மொதல்ல உள்ள போவணும். அப்பறந்தான் கேங்கு வரும். மேஸ்திரி வெளிய நின்னுக்கினு ஆளுங்கள உள்ள அனுப்ப மாட்டான். அவங்க ஒன்ன மதிக்கலன்னு நெனைக்காத. யாரு மேஸ்திரின்னு தெரியாம நிக்கிறாங்க."

"நீங்களே வெச்சிடுங்களேன்" என்றேன். அந்த நிமிஷம் நிஜமாகத்தான் சொன்னேன்.

"விசிலு ஒங்கிட்ட கீது" என்றார். "செருப்ப கழட்டிட்டு ஏறு. வழுக்கும்."

செருப்பைக் கழற்றினேன். முப்பது வருஷம் அவரோடு இருந்து தெரியாத ஒன்றை அந்த மேட்டடியில் தெரிந்துகொண்டேன், அதுவும் அவர் இடத்தை அவரே எனக்கு விட்டுக்கொடுக்கிற நேரத்தில். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். அந்த மண் மாவு மாதிரி, கால் கணுக்கால் வரைக்கும் போகும். தட்டில் ஏறி நின்று திரும்பினேன். பன்னிரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர் கடைசியில், குடத்தோடு.

அன்றிலிருந்து தினமும் நான் முதலில் ஏறினேன். வேலை நன்றாக நடந்தது. நன்றாக நடந்தது என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். கெட்டுப்போயிருந்தால் அவரைக் கூப்பிட்டு நீங்களே பாருங்கள் என்று கொடுத்திருக்கலாம். டீச்சர் வேறு குழுக்காரர்களைக் கூட்டி வந்து எங்கள் வரிசையைக் காட்டினாள். அப்படி வந்த ஓர் ஆள், கேங்கில் யாரிடமோ, குடம் சுமந்துகொண்டிருந்தவரைக் காட்டி, "அவுரு யாரு?" என்று கேட்டான்.

"அவுரா? லீடரம்மா வூட்டுக்காரரு."

அவர் காதில் விழுந்தது. என் காதிலும் விழுந்தது. மேஸ்திரி என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராமல் இல்லை. வெளியாளுக்கு விளக்கம் சொல்ல அதுதான் சுலபம். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "கேட்டியாமே, எனுக்கும் ஒரு பேரு கெடச்சிடுச்சி" என்றார். மேஸ்திரி பொண்டாட்டி என்ற பெயரில் நான் எத்தனை சுகமாக இருந்தேன். இந்தப் பெயரில் அவர் அப்படி இருக்க முடியுமா? என்னால் சிரிக்க முடியவில்லை. கன்றுக்குக் கட்டை கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஒருநாள் டீ குடிக்கும்போது கேங்கில் மூத்தவர் என் பக்கத்தில் வந்து குந்தினார். "லீடரம்மா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கண்ணா."

"ஏறசொல்ல மொதல்ல ஏர்றீங்க. சரி. எறங்கசொல்ல யாரு கடைசின்னு பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. வேலை முடிந்தால் நான் டீச்சரிடம் கணக்குச் சொல்ல அவசரமாக இறங்கிவிடுவேன்.

"உள்ள போவசொல்ல மேஸ்திரி மொத ஆளு. வெளிய வரசொல்ல கடைசி ஆளு. எல்லாரும் கேஜுல ஏறினப்பறந்தான் அவுரு ஏறுவாரு. அப்பிடித்தான் எங்கள எல்லாம் மேல கொண்டாந்தாரு. ஒரு நாளும் எங்கள விட்டுட்டு முன்னால வந்ததில்ல." வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். "நீங்களும் கத்துக்கோங்க. அதான் சொன்னேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நான் அன்று சாயங்காலம் இறங்காமல் தட்டிலேயே நின்றேன். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். அவர் காலிக் குடத்தை வைத்துக்கொண்டு, வரிசை முழுக்க ஒரு முறை பார்த்தார். யாராவது மண்வெட்டியை மறந்திருக்கிறார்களா, யாராவது ஓரமாகத் தூங்கிப்போனார்களா என்று பார்க்கிற பார்வை. நான் இத்தனை நாளும் அவசரமாக இறங்கிப்போன பிறகு இவர் இங்கே இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். கீழே நின்றவர்கள் அவர் கால் தரையில் படுகிற வரைக்கும் நடையைக் கட்டாமல் நின்றிருக்கிறார்கள். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"இன்னா நின்னுட்ட? டீச்சரு காத்துக்கினு இருக்கும்" என்றார்.

நான்தான் லீடர், நான்தான் கடைசியில் வர வேண்டும் என்று சொல்லத்தான் நின்றேன். மூத்தவர் கற்றுக்கொடுத்தது அதுதான். இவர் முகத்தைப் பார்த்ததும் வாய் மாற்றிப் பேசியது.

"கால் வலிக்குது. அதான் நின்னேன்" என்றேன். "நான் எறங்கறேன், நீங்க பாத்துட்டு வாங்க."

இறங்கினேன். கீழே மூத்தவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சொல்லியும் கேக்கல பாரு" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. மறுநாளும் முதலில் இறங்கினேன். அதற்கடுத்த நாளும். வேலை முடிகிற வரைக்கும் அப்படித்தான். லீடரம்மாவுக்கு வெயில் தாங்காது, விசில் ஊதினதும் ஆளைக் காணோம் என்று பேச்சு வந்தது. வாய் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போகிறவள் இல்லை நான், ஆனால் இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. சொன்னால் அது அவர் காதுக்குப் போகும். நான் விட்டுக்கொடுத்தது என்று தெரிந்தால் அந்த இடத்திலும் அவர் நிற்க மாட்டார்.

தெரியாமல் இருந்ததா என்றும் தெரியவில்லை. கடைசி நாள் சாயங்காலம் நான் கீழே இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் மேலே வரிசை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, மெதுவாக இறங்கி வந்தார். ஆண்கள் நின்றார்கள். அவர் கால் ரோட்டில் பட்டதும் நடந்தார்கள். அவர் என் பக்கத்தில் வந்து, என் செருப்பைக் காலால் நகர்த்தி என் முன்னால் தள்ளிவிட்டு, "இப்ப கால் வலி எப்பிடி கீது?" என்றார்.

"பரவால்ல" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். ஊரிகம் வரைக்கும் அவர் எனக்குப் பின்னால், கடைசி ஆளாக, நடந்து வந்தார்.